மராமத்து முதற்கடன்

பொதுக் கட்டடம் ஒன்றை எழுப்பும்போது ஊர் முழுவதும் கூடுகிறது. கால்கோள் விழா நடக்கிறது. திறப்பு விழா நடக்கிறது. நன்கொடை தந்தோர் பெயர்கள் சலவைக்கல்லில் பொறிக்கப்படுகின்றன. ஆண்டுகள் சில கழிந்து அதே கட்டடத்தின் கூரை ஒழுகத் தொடங்கும்போது ஊர் இரண்டாகப் பிரிகிறது. "இவ்வளவு செலவு எதற்கு?" என்று ஒரு சாரார் கேட்கின்றனர். "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?" என்று மற்றொரு சாரார் வினவுகின்றனர். பேச்சு நீள்கிறது. மழைக்காலம் வந்து போகிறது. அடுத்த ஆண்டு மதிப்பீடு மேலும் ஏறிவிடுகிறது.

சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் இடையே உள்ள ராசிபுரம், பட்டுக்கும் நெய்க்கும் பெயர் பெற்ற ஊர். 1997 ஜனவரி முதல் நாள் நாமக்கல் தனி மாவட்டமானபோது சேலத்திலிருந்து பிரிந்து அதனுடன் சேர்ந்தது. நகராட்சி அலுவலகம், அரசுப் பள்ளிகள், மருத்துவமனை, நூலகம், சந்தை, பள்ளிவாசல், மதரஸா என்று ஓர் ஊருக்கு வேண்டிய பொதுக் கட்டடங்கள் யாவும் இங்கே உண்டு. அவற்றைப் பற்றி இவ்வூர் மக்கள் அக்கறையற்றவர் அல்லர். 2024இல் பேருந்து நிலையத்தை ஊருக்கு வெளியே அணைப்பாளையத்துக்குக் கொண்டு செல்ல நகராட்சி முடிவு செய்தபோது வணிகரும் பொதுமக்களும் எதிர்த்துக் குரல் கொடுத்தனர். பொது இடம் எங்கே இருக்க வேண்டும் என்பதில் இவ்வளவு ஆர்வம் காட்டுகிற நாம், இருக்கிற பொதுக் கட்டடத்தை யார் காப்பது, எந்தப் பணத்தைக் கொண்டு காப்பது என்னும் கேள்வியில் அதே ஆர்வத்தைக் காட்டுகிறோமா? இக்கேள்விக்கு வரலாறு தரும் விடை என்ன என்பதைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு சொல்லின் பயணம்

பழுதுபார்ப்பதை நம் பெரியவர்கள் ‘மராமத்து’ என்பார்கள். இது அரபு மொழியில் பிறந்து, பாரசீகத்திலும் உருதுவிலும் வளர்ந்து, ஆட்சி மொழியின் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். வந்த சொல் தமிழோடு கலந்துவிட்டது. ஏரியையும் வாய்க்காலையும் குடிமக்களே கூடிப் பழுதுபார்க்கும் வழக்கத்துக்குக் ‘குடிமராமத்து’ என்று பெயர் வந்தது. பொதுப்பணித் துறையை ‘மராமத்து இலாகா’ என்றே கிராமத்தார் நெடுநாள் அழைத்து வந்தனர்.

இச்சொல் மேற்கேயும் பயணம் செய்துள்ளது. உஸ்மானியப் பேரரசின் பெரிய வக்ஃபுகளில் ‘மெரெம்மெத்சி’ என்றொரு பணியாளர் இருந்தார். கட்டடத்தைச் சுற்றி வந்து பெயர்ந்த கல்லையும் உடைந்த ஓட்டையும் உடனுக்குடன் சரிசெய்வதே அவருடைய வேலை. இமாமுக்கும் முஅத்தினுக்கும் சம்பளம் வகுத்த அதே வக்ஃபுச் சாசனம் இந்தப் பழுதுபார்ப்பவருக்கும் சம்பளம் வகுத்தது. கட்டடம் பழுதடைந்த பின் ஆளைத் தேடும் வழக்கம் அங்கே இல்லை. பழுதடையும் என்பதை முன்னறிந்து ஆளை அமர்த்திவிட்டுத்தான் கட்டடத்தைத் திறந்தார்கள்.

தமிழ் மண்ணில் இவ்வறிவு புதிதன்று. கோயிலைப் புதுப்பிப்பதற்கென்றே விடப்பட்ட நிலத்துக்குப் ‘புதுக்குப்புறம்’ என்று பெயர். ஏரியைக் காப்பதற்கென விடப்பட்ட நிலம் ‘ஏரிப்பட்டி’ எனப்பட்டது. முதலாம் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரியைக் கண்காணிக்கத் தனி வாரியமே இருந்ததைச் சொல்கின்றன. பூசைக்கு ஒரு நிலம், விளக்குக்கு ஒரு நிலம் என்று விட்டதோடு நில்லாமல், பழுதுக்கும் ஒரு நிலம் விட்டார்கள். விழாச் செலவு பழுதுக்குரிய பணத்தை விழுங்கிவிடாதபடி அமைந்த ஏற்பாடு அது.

ஹிதாயா வகுத்த வரிசை

வக்ஃபு என்றால் என்ன? ஹழ்ரத் உமர் (ரலி) அவர்களுக்குக் கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்டதும், மூலத்தை நிறுத்திவைத்து விளைவை அறவழியில் செலவிடுமாறு பெருமானார் அறிவுரை கூறியதும் நாம் அறிந்தவை. மூலம் நிலைத்திருந்தால்தான் விளைவு வரும். எனவே மூலத்தைக் காப்பது வக்ஃபின் உயிர்நாடியாகிறது.

இதனைச் சட்டமாக வகுத்துத் தந்தவர்களுள் தலையாயவர் இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி அவர்கள். 1197இல் மறைந்த அவர்கள் எழுதிய ‘ஹிதாயா’, ஹனஃபி மத்ஹபின் பெருநூல். 1791இல் சார்லஸ் ஹாமில்டன் இதனை ஆங்கிலத்தில் வெளியிட்ட பின் இந்திய நீதிமன்றங்களிலும் இது மேற்கோளாக ஆளப்பட்டது. கடற்கரையோரத்து முஸ்லிம்களில் பலர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்ற, உள்நாட்டில் வாழும் ராவுத்தர், தக்கனி மக்களில் பெரும்பாலோர் ஹனஃபிகளே. ஆகவே சேலம், நாமக்கல் வட்டாரத்துக்கு இந்நூலின் சொல் அயலார் சொல்லன்று.

பழுதுபார்ப்பது பற்றி ஹிதாயா கூறும் விதிகளில் மூன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலாவது: வக்ஃபின் வருமானத்திலிருந்து முதலில் செய்ய வேண்டிய செலவு அதன் பராமரிப்பே. வக்ஃபு செய்தவர் அவ்வாறு நிபந்தனை எழுதியிருந்தாலும் சரி, எழுதாமல் விட்டிருந்தாலும் சரி, இதில் மாற்றமில்லை. பயன் பெறுவோரின் பங்கு அதற்குப் பின்னரே வருகிறது. அறம் என்றென்றும் நிலைக்க வேண்டும் என்பதே வக்ஃபு செய்தவரின் எண்ணம். கட்டடம் நில்லாமல் அறம் எப்படி நிற்கும்? ஆகவே எழுதப்படாத நிபந்தனையும் எழுதப்பட்டதாகவே கொள்ளப்படுகிறது.

இரண்டாவது: ஒருவர் குடியிருப்பதற்காக ஒரு வீடு வக்ஃபு செய்யப்பட்டிருந்தால், அதைப் பழுதுபார்க்கும் பொறுப்பு குடியிருப்பவரையே சாரும். அவர் மறுத்தாலோ, வசதியற்றவராக இருந்தாலோ என்ன செய்வது? காஜி அவ்வீட்டை வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கொண்டு பழுது நீக்கி, பிறகு குடியிருக்கும் உரிமை உடையவரிடமே திருப்பித் தர வேண்டும். வசதியற்றவர் தம் உரிமையை இழப்பதில்லை. அவருக்காகக் கட்டடமும் பலியாவதில்லை.

மூன்றாவது: இடிந்து விழுந்த பகுதியின் கல், மரம் முதலிய பொருள்களை அக்கட்டடத்தின் பழுதுக்கே பயன்படுத்த வேண்டும். உடனே தேவையில்லையென்றால் தேவைப்படும் நாள் வரை பாதுகாத்து வைக்க வேண்டும். பயன் பெறுவோர் அதைப் பங்கிட்டுக்கொள்ள இடமில்லை. பழைய கட்டடங்களிலிருந்து கழற்றப்பட்ட தேக்கு உத்திரங்களும் கடைந்த தூண்களும் எங்கே போகின்றன என்பதைக் கண்டவர்களுக்கு இவ்விதியின் அருமை விளங்கும்.

இம்மூன்று விதிகளிலும் பணத்தின் அளவு பற்றிய பேச்சே இல்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எவ்வளவு செலவிடலாம் என்பதற்கு முன்னால், எதற்கு முதலில் செலவிட வேண்டும் என்னும் வரிசையை அவை நிறுவுகின்றன. நம் காலத்து வாதங்களெல்லாம் தொகையைப் பற்றியே நடக்கின்றன. வரிசையைப் பற்றிப் பேசுவோர் அரிது.

வரிசை தவறியபோது

இந்நெறி அறிந்த சமுதாயங்களிலும் அது தவறிய காலங்கள் உண்டு. இஸ்தான்புல் நகரைப் பெருந்தீ பலமுறை அழித்தது. வக்ஃபுக்குச் சொந்தமான கடைகளும் வீடுகளும் சாம்பலாயின. திரும்பக் கட்ட வக்ஃபுகளிடம் கையிருப்பு இல்லை. எனவே 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ‘இஜாரதைன்’ என்னும் இரட்டை வாடகை முறை பரவியது. குடியேறுபவர் முதலில் பெருந்தொகை ஒன்றைக் கொடுப்பார். வக்ஃபு அதைக் கொண்டு கட்டடத்தை எழுப்பும். அதன்பின் அவர் ஆண்டுதோறும் மிகச் சிறிய வாடகை மட்டும் செலுத்துவார். அவருடைய உரிமை அவர் பிள்ளைகளுக்கும் செல்லும்.

அன்றைய நெருக்கடிக்கு அது கைகொடுத்தது உண்மை. ஆனால் தலைமுறைகள் கடந்தபோது சொத்து ஏட்டில் வக்ஃபுடையதாகவும், கையில் குடியிருப்பவருடையதாகவும் ஆகிவிட்டது. பணத்தின் மதிப்பு இறங்க இறங்க, மாறாத சிறு வாடகை பெயரளவுக்கு ஆயிற்று. பழுதுக்கான பணத்தை முன்கூட்டிச் சேர்க்காத குறைக்குச் சொத்தையே விலையாகக் கொடுக்க நேர்ந்தது.

இக்கதை நமக்கு அயலானதன்று. தமிழகத்தில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஏழைக் குடியிருப்போரைக் காக்க வந்தது. அதே சட்டம் அறநிலையங்களின் கட்டடங்களையும் பழைய வாடகையில் பூட்டி வைத்தது. இதனை உணர்ந்த அரசு, 1976 ஆகஸ்டு 16 அன்று இந்து, கிறிஸ்தவ, முஸ்லிம் சமயப் பொது அறநிலையங்களுக்கும் தருமங்களுக்கும் சொந்தமான கட்டடங்களுக்கு அச்சட்டத்திலிருந்து விலக்கு அளித்து ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. ஆணை செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அரை நூற்றாண்டுக்கு முன்பே இவ்விலக்கு கிடைத்தும், பழைய வாடகையிலேயே நின்றுவிட்ட வக்ஃபுக் கடைகள் இன்னும் எத்தனை! சட்டம் கதவைத் திறந்துவிடலாம். நுழைய வேண்டியவர்கள் நாமல்லவா?

இங்கே ஒரு கணக்கைப் பார்ப்போம். 1995ஆம் ஆண்டு வக்ஃபுச் சட்டத்தின்படி, வாரியத்துக்குச் செலுத்தும் பங்களிப்புக்காக நிகர வருமானத்தைக் கணக்கிடும்போது, வாடகைக் கட்டடங்களின் சில்லறைப் பழுதுச் செலவைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது ஆண்டு வாடகையில் நூற்றுக்கு ஐந்தை மிஞ்சலாகாது. மாத வாடகை 500 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 6,000 ரூபாய். அதில் நூற்றுக்கு ஐந்து 300 ரூபாய். கொத்தனார் ஒருவரின் அரைநாள் கூலிக்கே அது போதுமா என்பது ஐயம். வாடகை தாழ்ந்து கிடந்தால் பழுதுக்கு ஒதுக்கும் பங்கும் தாழ்ந்தே கிடக்கும் என்பதை இச்சிறு கணக்கு காட்டிவிடுகிறது.

கும்பினியின் மராமத்து

இனி நம் வட்டாரத்து வரலாற்றுக்கு வருவோம். 1792இல் திப்பு சுல்தானுடன் செய்துகொண்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி சேலமும் பாரமகாலும் கிழக்கிந்தியக் கும்பினியின் வசமாயின. அலெக்சாண்டர் ரீடு பொறுப்பேற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருடைய துணையாளர்களுள் ஒருவர். நிலத்தை அளப்பதிலும் தீர்வை விதிப்பதிலும் அவர்கள் காட்டிய உழைப்பு பெரிது. வரி வாங்கும் முறை திருத்தமாக அமைந்தது.

மராமத்தோ வருவாய் வாரியத்தின் கீழ் ஒரு கிளையாக வைக்கப்பட்டது. தீர்வையைத் தண்டும் அதிகாரியே பழுதுக்கும் பொறுப்பாளர். மேலிடத்துக்குப் போய்ச் சேரும் பணத்துக்குப் புகழ் உண்டு; ஏரிக்கரையில் செலவிடும் பணத்துக்கு விளக்கம் கேட்பார்கள். இந்நிலையில் எது முந்தும், எது பிந்தும் என்று சொல்லவும் வேண்டுமா? சென்னை மாகாணத்தின் பொதுப்பணிகளை ஆராய 1852இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1858இல் மராமத்துக் கிளையும் பிற பிரிவுகளும் இணைந்து பொதுப்பணித் துறை உருவாயிற்று. அதே 1858இல் குடிமராமத்துக்குச் சட்ட வடிவமும் தரப்பட்டது. வழக்கத்தால் நடந்த வேலையைச் சட்டத்தால் வாங்க முயன்றார்கள். முன்போல் அது நடைபெறவில்லை. மானியமும் ஊர்ச்சபையின் அதிகாரமும் போன பிறகு, உழைக்கும் கடமை மட்டும் குடியானவன் தோளில் நிற்குமா?

1876 முதல் 1878 வரை நீடித்த பஞ்சத்தில் சேலம் மாவட்டம் பட்ட துயரம் சொல்லுந்தரமன்று. 1871 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேல் இருந்த மக்கள்தொகை 1881இல் ஏறத்தாழ 16 லட்சமாகக் குறைந்தது. மழை பொய்த்ததே முதற்காரணம்; தூர்ந்த ஏரிகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. எனினும் பஞ்சத்துக்குப் பிறகுதான், 1883இல், ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கியது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பழுதின் அருமை பேரிழப்புக்குப் பின்னரே ஆட்சியாளருக்குப் புலப்படுகிறது என்பதற்கு இது ஒரு சான்று.

சேப்பாக்கம் மாளிகை சொல்வது

ஏரிகளுக்கு நேர்ந்தது மாளிகைகளுக்கும் நேர்ந்தது. ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜா 1760களில் எழுப்பிய சேப்பாக்கம் மாளிகையை அறியாத தமிழ் முஸ்லிம் இல்லை எனலாம். 1855இல் நவாபு குலாம் கௌஸ் கான் ஆண் வாரிசின்றி மறைந்ததும் கும்பினியார் நவாபுப் பதவியை ஒழித்தனர். மாளிகை ஏலத்துக்கு வந்து அரசின் கைக்குப் போயிற்று. அரசவை கூடிய கூடங்களில் வருவாய் வாரியமும் பொதுப்பணித் துறையும் அலுவலகம் நடத்தின. அதாவது, மாகாணம் முழுவதும் பழுதுபார்க்கும் துறையே அம்மாளிகைக்குள் குடியிருந்தது!

நூறாண்டுகளுக்கு மேல் கோப்புகளும் தடுப்புச் சுவர்களும் அதை நிறைத்தன. 2012 ஜனவரியில் ஒரு நள்ளிரவுக்குப் பின் கலச மகாலில் தீப்பற்றியது. தீயணைக்கும் பணியில் ஒருவர் உயிரிழந்தார், பலர் காயமுற்றனர். பக்கத்திலுள்ள உமாயூன் மகாலின் கூரையும் பல இடங்களில் சரிந்து கிடந்தது. அதை இடித்துவிடலாம் என்னும் யோசனையும் எழுந்தது. மரபுக் கட்டட ஆர்வலர்கள் எதிர்த்தனர். முடிவில் இரண்டையும் பழைய முறைப்படி புதுப்பிப்பதென்று அரசு தீர்மானித்தது. கலச மகால் சீர்பெற்று எழுந்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு அங்கே இடம் பெற்றது. உமாயூன் மகாலின் சீரமைப்புக்கு மட்டும் நாற்பது கோடி ரூபாய் அளவுக்குச் செலவு ஆயிற்று.

சென்னையின் மற்றொரு கட்டடத்தையும் பாருங்கள். விக்டோரியா அரசியாரின் பொன்விழா நினைவாக 1880களில் எழுந்த விக்டோரியா பொது மண்டபம், பொதுமக்கள் தந்த நன்கொடையில் உருவான ஊர் மண்டபம். குத்தகைத் தகராற்றில் நெடுங்காலம் பாழ்பட்டது. 2009ஐ ஒட்டி அதன் பழுதுக்கென நான்கு கோடி ரூபாய் அளவில் ஒரு பணி எடுக்கப்பட்டு, முற்றுப்பெறாமல் நின்றது. 2023இல் மீண்டும் தொடங்கியபோது மாநகராட்சியின் திட்ட மதிப்பீடு 32 கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. விலைவாசி ஏறியதும், அருங்காட்சியகம் போன்ற புதிய வேலைகள் சேர்ந்ததும் இதில் அடங்கும். முழு வேறுபாட்டையும் தாமதத்தின் மீது சுமத்த முடியாது. ஆயினும் இடையில் பெய்த பதினைந்து ஆண்டு மழைக்கும் அதில் பங்கு உண்டு என்பதை யார் மறுப்பார்?

செலவு ஏறுவது ஏன்?

பழுதுச் செலவு ஏறுவதைக் கண்டு, "யாரோ பணம் தின்கிறார்கள்" என்று முடிவு கட்டுவது எளிது. அப்படி நடப்பதில்லை என்று நாம் கூறவில்லை. நடந்தால் கேட்கத்தான் வேண்டும். ஆனால் நேர்மையான கையில் இருந்தாலும் செலவு ஏறுவதற்குக் காரணங்கள் உள்ளன.

கட்டுமானப் பொருள்களின் வரி ஒரு காரணம். 2017 முதல் சிமெண்டுக்கு நூற்றுக்கு 28 என்றிருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல்தான் 18 ஆகக் குறைந்தது. அரசுக்குச் செய்யும் ஒப்பந்த வேலைகளின் வரி 2022 ஜூலையில் 12இலிருந்து 18 ஆக உயர்ந்தது. மணல் அரிதாயிற்று, கூலி ஏறியது.

இரண்டாவது காரணம் கைத்திறன் குறைந்தது. பழைய கட்டடங்கள் சுண்ணாம்பால் ஆனவை. சென்னைத் தளவரிசைக் கூரை எனப்படும் முறையில் தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கற்களைச் சாய்வாக அடுக்கி, செங்கல் சல்லியும் சுண்ணாம்பும் கலந்து திமிசு போட்டு இறுக்கி, ஓடு பதித்தார்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்ந்த அச்சாந்து மூச்சு விடும். உள்ளே புகுந்த ஈரம் வெளியேறிவிடும். 1960களில் சங்ககிரியில் சிமெண்டு ஆலை வந்தபின் நம் வட்டாரத்திலும் எல்லாவற்றுக்கும் சிமெண்டே மருந்தாயிற்று. சுண்ணாம்புச் சுவரின் மேல் சிமெண்டுப் பூச்சு பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் சுவரை அரிக்கிறது. மலிவாகச் செய்த பழுது அடுத்த பழுதைப் பெற்றெடுக்கிறது. சுண்ணாம்பு அரைக்கத் தெரிந்த கொத்தனார் இன்று அருகிவிட்டார். கிடைப்பவருக்கு ஏற்ற கூலி தரத்தான் வேண்டும்.

மூன்றாவது காரணமே முதன்மையானது. அது காலம். காங்கிரீட் கூரையில் ஒரு சிறு விரிசல் விழுகிறது. நீர் இறங்குகிறது. உள்ளிருக்கும் கம்பி துருப்பிடித்துப் பருக்கிறது. பருத்த கம்பி காங்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. முதல் ஆண்டில் ஒரு சட்டி கலவையில் அடைபட்டிருக்கும் விரிசல், பத்தாம் ஆண்டில் கூரையையே கேட்கிறது. டி சிட்டர் என்னும் டச்சுப் பொறியியலறிஞர் 1984இல் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். கட்டும்போதே செம்மையாகச் செய்ய ஒரு ரூபாய் ஆகுமென்றால், தேய்மானம் தொடங்குமுன் காக்க ஐந்து ரூபாய். தொடங்கிய பின் பழுது நீக்க இருபத்தைந்து. முற்றியபின் மாற்றிக் கட்ட நூற்றிருபத்தைந்து. எல்லாக் கட்டடத்துக்கும் இது அப்படியே பொருந்தும் என்பதில்லை. ஆனால் செலவு ஏறும் வேகத்தை இக்கணக்கு நன்கு உணர்த்துகிறது.

பணத்தை மட்டுமா இழக்கிறோம்? 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிவறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். அதன் பின்னரே மாநிலம் முழுவதும் பழுதுற்ற பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை விரைந்தது. அப்பெற்றோரின் இழப்பை எந்த மதிப்பீட்டில் எழுதுவது?

இடிப்பதா, பழுதுபார்ப்பதா?

இடித்துப் புதிதாகக் கட்டுவோர் கட்சியிலும் நியாயம் உண்டு. உயிருக்கு ஆபத்தான கட்டடத்தை மரபின் பெயரால் நிறுத்தி வைப்பது அறமாகாது. இடம் போதாமையும் உண்மையான குறையே. ஆனால் ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். புதுக் கட்டடத்துக்கு மேலிடத்தின் மானியம் கிடைக்கிறது. பழுதுக்கு ஊரின் சொந்த வருமானம்தான் வழி. எனவே பழையதைக் காப்பதைவிட அது விழும்வரை காத்திருந்து புதியதைப் பெறுவது ஊராட்சி அமைப்புகளுக்கு இலாபமாகத் தோன்றுகிறது. ஊர் இலாபம் என்று நினைப்பது நாட்டுக்கு நட்டம். அவ்வாறு பெறப்படும் புதுக் கட்டடமும் முப்பது ஆண்டுகளில் அதே வாசலில் வந்து நிற்கும். பழுதுக்கு வழி காணாமல் கட்டப்படும் எதுவும் வருங்காலத்தாரின் தலையில் ஏற்றும் கடனே.

1882இல் ரிப்பன் பிரபு தல சுயாட்சிக்கு வழி திறந்ததும், 1884இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் தல வாரியச் சட்டமும் பிறந்ததும், ஊர்க் காரியத்தை ஊராரே நடத்தப் பழக வேண்டும் என்பதற்காகவே. புதியதைக் கேட்டுப் பெறுவது மட்டும் சுயாட்சியாகாது. பெற்றதைக் காக்கும் திறமையே அதன் உரைகல்.

நாம் செய்யத்தக்கவை

ராசிபுரம் போன்ற ஊர்களில் நகராட்சி மன்றமும் ஜமாஅத்தும் இவ்வரலாற்றிலிருந்து எடுத்துக்கொள்ளத்தக்க காரியங்கள் சில உள்ளன. இவற்றுக்குப் பெரும்பணம் தேவையில்லை.

ஒவ்வொரு பொதுக் கட்டடத்துக்கும் ஒரு பதிவேடு வேண்டும். கட்டிய ஆண்டு, கூரையின் வகை, கடைசியாகப் பழுது பார்த்த நாள், ஆன செலவு ஆகியவை அதில் இருக்க வேண்டும். இன்று பல இடங்களில் இவ்விவரங்கள் ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவரின் நினைவில் மட்டுமே உள்ளன.

புரட்டாசி முடியுமுன், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, ஆண்டுதோறும் ஒருவர் கூரைமேல் ஏறிப் பார்க்க வேண்டும். கூரையில் முளைக்கும் அரசங்கன்றைப் பிடுங்குவதற்கும் நீர்ப்போக்கியில் அடைந்த சருகை அள்ளுவதற்கும் ஒருநாள் கூலி போதும். அந்த ஒருநாள் கூலியை மிச்சப்படுத்தியதால் வந்த செலவுகளே பின்னர் இலட்சங்களாக நிற்கின்றன.

வருமானம் வந்தவுடன் பழுதுக்கான பங்கை முதலில் எடுத்துத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும். எல்லாச் செலவும் போக மிஞ்சியதைப் பழுதுக்கு வைப்போம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. முத்தவல்லி ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டம் வகுக்க வேண்டும் என்று 1995ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. அத்திட்டத்தின் முதல் வரி மராமத்தாக இருக்கட்டும். வக்ஃபுக் கடைகளில் இருப்போர் நம் உறவினராகவும் நண்பராகவும் இருக்கலாம். நியாயமான வாடகை கேட்பது அவர்கள் மீது பகையன்று. குடியிருப்பவரே பழுதுக்குப் பொறுப்பு என்னும் ஹிதாயாவின் விதி அவர்களுக்கும் தெரிந்திருக்கட்டும். உண்மையிலேயே இயலாதவருக்குச் சலுகை தரலாம். அதையும் கணக்கில் எழுதித் தருவதே முறை.

செலவுக் கணக்கை எல்லோரும் காணும்படி ஒட்டி வைக்க வேண்டும். பள்ளிவாசல் கணக்கு பள்ளிவாசல் பலகையிலும், நகராட்சிக் கணக்கு நகராட்சிப் பலகையிலும் இருக்கட்டும். சிறு செலவுகள் கண்முன் தெரிந்தால் பெருஞ்செலவு வரும்போது ஊர் ஐயுறாது. ஐயம் நீங்கினால் வாதம் பாதி தீர்ந்துவிடும்.

இடித்தெடுத்த மரத்தையும் கல்லையும் பட்டியல் எழுதிப் பூட்டி வைக்க வேண்டும். எட்டு நூற்றாண்டுக்கு முன் எழுதி வைத்த அச்சிறு விதியைக் கடைப்பிடிக்க நமக்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.

அரபு மொழியில் ‘இமாரத்’ என்னும் ஒரே சொல் கட்டடத்தையும் குறிக்கும். அதைப் பேணி வாழவைப்பதையும் குறிக்கும். பேணப்படாதது கட்டடம் என்னும் பெயருக்கே தகுதியற்றது என்று அம்மொழி கருதியது போலும்! நம் முன்னோர் வியர்வை சிந்திச் சேர்த்த காசில் எழுந்த பள்ளிவாசல்களும், நம் வரிப்பணத்தில் எழுந்த பள்ளிக்கூடங்களும் நம் கையில் அமானிதமாக உள்ளன. இவற்றின் பழுதை முதற்கடனாக ஏற்றுக்கொண்ட ஊரில், மதிப்பீடு ஏறிவிட்டதே என்னும் வாதத்துக்கு இடம் குறையும். அக்கடனை உரிய காலத்தில் தீர்க்கும் நல்லறிவை வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்வானாக.